வானில் தீப்பந்து கண்டால் என்ன செய்வது: முதல் நொடியிலிருந்து முழுமையான வழிகாட்டி

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.54 மணி. இங்கிலாந்தின் வானத்தில் ஒரு தீப்பந்து ஏழெட்டு நொடிகள் எரிந்து அணைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தாங்கள் கண்டதை எழுதி அனுப்பினார்கள். வானத்தைக் கண்காணிக்கும் ஆய்வுக் கேமராக்களிலும், வீட்டு வாசல்களில் அழைப்பு மணியோடு பொருத்தியிருந்த சாதாரணக் கேமராக்களிலும் அது பதிவாகியிருந்தது. மறுநாள் காலை குளோஸ்டர்ஷயரில் வின்ச்கம் என்ற சிற்றூரில் ஒரு குடும்பத்தார், தங்கள் வீட்டு முன்பாதையில் கரிய தூளும் துண்டுகளும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு அவற்றைப் பொறுக்கிப் பைகளில் போட்டு வைத்தார்கள். விண்கல் ஆய்வாளர்களுக்குத் தகவல் சொன்னார்கள்.

அது கார்பன் மிகுந்த அரிய வகை விண்கல். பிரிட்டனில் விழுந்து கண்டெடுக்கப்பட்ட விண்கல் என்றால், அதற்கு முந்தையது 1991இல் கிடைத்தது. வின்ச்கம் கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் நீர், கனிமங்களுக்குள் கட்டுண்டு இருந்தது. அந்த நீரில் சாதாரண ஹைட்ரஜனுக்கும் கன ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் பூமியின் நீரோடு நெருங்கிப் பொருந்தியது. நம் கடல்களுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவ்வளவு சுத்தமான சாட்சியம் கிடைப்பது அபூர்வம். விழுந்த சில மணி நேரத்துக்குள், மழை படுவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டதால்தான் அந்தச் சுத்தம் காப்பாற்றப்பட்டது.

வானியல் படிக்காத மனிதர்கள் சரியான நேரத்தில் சரியான சில காரியங்களைச் செய்ததால் கிடைத்த அறிவு இது. தீப்பந்தைக் கண்டவர் அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எங்கே நின்றேன், எந்தத் திசையில் கண்டேன், எத்தனை மணிக்குக் கண்டேன் என்ற மூன்றையும் கலப்படமில்லாமல் காப்பாற்றித் தந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதற்கே இந்த வழிகாட்டி.

கண்ணில் படுவது என்ன?

வானத்தில் சட்டென்று கோடு கிழித்து மறையும் எரிகற்களில் பெரும்பாலானவை மணல் துகள் அளவுடையவை. வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக, அதாவது பிரகாச அளவு -4ஐத் தாண்டி எரிந்தால் அதைத் தீப்பந்து என்கிறோம் (இந்த அளவில் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). முழுநிலவின் அளவு சுமார் -12.7. தரையில் உங்கள் நிழல் விழுந்து அந்த நிழல் நகர்ந்தால், நீங்கள் கண்டது நிச்சயமாகச் சாதாரண எரிகல் அல்ல.

கற்கள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரத் தொடங்குகின்றன. முன்னால் உள்ள காற்று நசுங்கிச் சூடேறுவதால் கல்லின் மேற்பரப்பு உருகி ஆவியாகிறது. நாம் காணும் ஒளி அந்த ஆவியும் காற்றும் ஒளிர்வதால் வருவது. கல் வலுவானதாக இருந்து வேகமும் குறைவாக இருந்தால் 20, 30 கிலோமீட்டர் உயரம் வரை எரிந்துகொண்டே இறங்கும். வின்ச்கம் கல் நுழைந்த வேகம் நொடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர்தான். அந்த நிதானம்தான் அதைக் காப்பாற்றியது.

இவை எங்கே எப்போது வரும் என்று பெரும்பாலும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2008 அக்டோபரில் சூடான் பாலைவனத்தில் விழுந்த சிறுகோளைப்போல, விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே தொலைநோக்கியில் சிக்கியவை மிகச் சில. ஆண்டில் சில காலங்களில் வாய்ப்பு கூடும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நீளும் டாரிட் எரிகல் பொழிவு மெதுவான, பிரகாசமான தீப்பந்துகளுக்குப் பேர்போனது. டிசம்பர் 13, 14 இரவுகளின் ஜெமினிட் பொழிவு தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நன்றாகத் தெரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வட அரைக்கோளத்தின் முன்னிரவுகளில் தீப்பந்துகள் கொஞ்சம் கூடுதலாக வரும். அனுபவமுள்ள ஒருவர் 20 மணி நேரம் வானத்தைக் கவனித்தால் -4 அளவுள்ள ஒன்றையும், 200 மணி நேரம் கவனித்தால் -6 அளவுள்ள ஒன்றையும் காணலாம் என்பது அமெரிக்க எரிகல் சங்கத்தின் கணிப்பு. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு அது வேறு வேலையாக நிற்கும்போதுதான் வரும். மாடியில் துணி எடுக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது. செய்ய வேண்டியதை முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

முதல் ஐந்து நொடிகள்

கைப்பேசியை எடுக்காதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். பையிலிருந்து எடுத்து, பூட்டைத் திறந்து, கேமராவைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையில் மங்கலான கருப்புப் படமும் மனத்தில் அரைகுறை நினைவும்தான் மிஞ்சும்.

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். காலை நகர்த்தாதீர்கள். தீப்பந்தை முதலில் எங்கே கண்டீர்கள் என்பதை ஏதாவது ஒரு நிலையான பொருளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மூன்றாவது தென்னையின் உச்சிக்கு வலப்பக்கம், கோபுரத்துக்கு இடப்புறம். பிறகு கண்ணை அதனோடு ஓட விடுங்கள். அது அணையும் இடம் இன்னும் முக்கியமானது, ஏனென்றால் கல் ஏதேனும் மிஞ்சியிருந்தால் எங்கே விழும் என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வீட்டுக்கோ மரத்துக்கோ பின்னால் மறைந்துவிட்டால், அது அணைந்ததா மறைந்ததா என்பதைத் தனியாக நினைவில் வையுங்கள். அறிக்கைகளில் பலர் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

அணைந்த பிறகும் கண்ணை எடுக்காதீர்கள். சென்ற பாதையில் ஒளிரும் தடம் சில நொடிகளோ சில நிமிடங்களோ நிற்கலாம். அந்தி வெளிச்சத்திலும் பகலிலும் அது புகைத்தடமாகத் தெரியும். தடம் நின்றால் இப்போது கைப்பேசியை எடுங்கள். வீட்டுக்கூரையோ மரமோ படத்துக்குள் வரும்படி எடுங்கள்; வெறும் வானத்தை மட்டும் எடுத்த படத்தால் திசை தெரியாது.

அடுத்த ஐந்து நிமிடங்கள்

முதலில் நேரம். கைப்பேசியில் நொடி வரை பார்த்து, கண்டதிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்பதைக் கழித்து எழுதுங்கள். "ஒன்பதரை மணி வாக்கில்" என்பது பயனற்றது. ஒரே இரவில் வேறொரு தீப்பந்தும் வந்திருக்கலாம்.

அடுத்தது காது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் எடுக்கும். 50 கிலோமீட்டர் தொலைவில் வெடித்த கல்லின் முழக்கம் உங்களை வந்தடைய இரண்டரை நிமிடம் ஆகும். அதனால் குறைந்தது ஐந்து நிமிடம் அமைதியாகக் காத்திருங்கள். இடிபோன்ற முழக்கமோ தொடர்ச்சியான உறுமலோ கேட்டால், ஒளி மறைந்ததிலிருந்து எத்தனை நொடி கழித்து என்று குறியுங்கள். முழக்கம் கேட்டது என்றால் அந்தக் கல் காற்றில் ஆழமாக இறங்கியிருக்கிறது, தரையில் துண்டுகள் கிடக்க வாய்ப்பு உண்டு என்று பொருள்.

சிலர் ஒளியோடு சேர்ந்தே சீறல் ஒலியோ படபடப்போ கேட்டதாகச் சொல்வதுண்டு. ஒலியின் வேகத்தைக் கொண்டு பார்த்தால் அது நடக்க முடியாதது. ஆனால் நூற்றாண்டுகளாகப் பலர் சொல்லி வருகிறார்கள். கடும் ஒளித்துடிப்பு அருகிலுள்ள இலை, துணி, தலைமுடி போன்றவற்றைச் சூடேற்றி அதிரச் செய்கிறது என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்குக் கேட்டிருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

பகலையே மங்கச் செய்யும் அளவுக்கு ஒளி வந்தால் மட்டும் ஒரு பாதுகாப்பு விதி உண்டு: கண்ணாடி ஜன்னலை விட்டு விலகிவிடுங்கள். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. ஒளியைக் கண்ட மக்கள் என்னவென்று பார்க்க ஜன்னலோரம் ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்த அதிர்வலை ஆயிரக்கணக்கான கட்டடங்களின் கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். பெரும்பாலான காயங்கள் கண்ணாடியால் வந்தவை. ஒரு பள்ளி ஆசிரியை தன் வகுப்பிலிருந்த 44 குழந்தைகளை மேசைகளுக்கு அடியில் பதுங்கச் சொன்னார். குழந்தைகளுக்குக் கீறல்கூட இல்லை. அவர் கையில் ஆழமான வெட்டு. அந்த இரண்டு நிமிட இடைவெளியின் பொருள் அந்த நகரத்தில் மிகச் சிலருக்கே தெரிந்திருந்தது.

உயரத்தையும் திசையையும் அளப்பது

இதுதான் பலருக்குக் கடினமாகத் தோன்றும் பகுதி. உண்மையில் கருவியெதுவும் வேண்டாம்.

கையை முழுவதுமாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். விரல் கணுக்களின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. குழந்தைக்குக் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு. ஆகவே அளவு பெரிதாக மாறாது. அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டியாக அடுக்கிக்கொண்டு போனால் தலைக்கு நேர்மேல் வரை ஒன்பது முட்டி வரவேண்டும்.

சரியாக அளக்கிறீர்களா என்று சோதிக்கத் துருவ நட்சத்திரம் இருக்கிறது. அது அடிவானத்திலிருந்து நிற்கும் உயரம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அது கிட்டத்தட்ட ஒரு முட்டி உயரத்தில் இருக்கும். சென்னையில் ஒரு முட்டியும் மூன்று சுண்டுவிரலும். கன்னியாகுமரியில் ஒரு முட்டிக்கும் குறைவு. வடக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் ஓரிரவு பழகிப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. மனிதக் கண் வானத்தின் உயரத்தை எப்போதும் கூட்டியே மதிப்பிடும். 30 பாகையில் கண்டதை "ஏறக்குறைய தலைக்கு மேலே" என்று நேர்மையாகவே சொல்வார்கள். இதனால் கணக்கிடப்படும் பாதை பல பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

திசைக்கு, நீங்கள் பிடித்துவைத்த அடையாளங்கள்தான் ஆதாரம். கைப்பேசியின் திசைகாட்டியை முழுவதும் நம்ப வேண்டாம். இரும்புக் கதவு, கார், மாடியின் கம்பிக் கைப்பிடி எல்லாமே அதைத் திருப்பிவிடும். மறுநாள் பகலில் அதே இடத்தில் நின்று, அந்தத் தென்னையையும் தொட்டியையும் செயற்கைக்கோள் வரைபடத்தில் கண்டுபிடித்து, நீங்கள் நின்ற புள்ளியிலிருந்து கோடு போட்டுத் திசையை எடுங்கள். இதுதான் மிகத் துல்லியமான வழி. நட்சத்திரங்கள் தெரிந்தவர்களுக்கு வேலை இன்னும் எளிது: "கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, ஓரியனின் இடுப்புப் பட்டையைக் கடந்து அணைந்தது" என்ற ஒரு வரி போதும்.

எவ்வளவு நேரம் எரிந்தது என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, கையை நீட்டி, தீப்பந்து போன வேகத்திலேயே பாதையைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் அளக்கட்டும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பத்து நொடி என்று நினைத்தது நான்கு நொடியாகக் குறைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிறரிடம் பேசும் முன் எழுதிவிடுங்கள்

செய்தியைப் பார்ப்பதற்கு முன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்பதற்கு முன், உங்கள் விவரத்தை எழுதி முடித்துவிடுங்கள். பச்சை என்று நாலு பேர் சொன்னால் வெள்ளையாகக் கண்டவரும் பச்சை என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படி இளகக்கூடியது. இருநூறு பேர் தனித்தனியாகக் கண்டதற்குத்தான் மதிப்பு. ஒருவர் கண்டதை இருநூறு பேர் திருப்பிச் சொன்னால் கணக்கு கெட்டுவிடும்.

நிறம், பிரகாசம், துண்டு துண்டாகப் பிரிந்ததா, இடையில் பளிச்சிட்டதா, வால் இருந்ததா, ஒலி கேட்டதா. இவ்வளவையும் உங்கள் சொற்களில் எழுதுங்கள். சோடியம் மஞ்சளையும், மக்னீசியமும் நிக்கலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பச்சையையும் தரலாம். ஆனாலும் நிறத்தை மட்டும் வைத்துக் கல்லின் வகையைச் சொல்லிவிட முடியாது.

எப்படி எழுத வேண்டும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஓர் எரிமீன் விழுந்ததைச் சொல்கிறார். பங்குனி மாதம், நள்ளிரவு என்று காலத்தைச் சொல்கிறார். உச்சியிலிருந்த நாள்மீன் (நட்சத்திரம்) சாய்கிறது, எதிரே ஒன்று எழுகிறது, இன்னொன்று மறைகிறது என்று வானத்தின் நிலையைச் சொல்கிறார். கிழக்கேயும் செல்லாமல் வடக்கேயும் செல்லாமல் விழுந்தது என்று திசையையும், தீப் பரக்கக் காற்றில் கிளர்ந்தது என்று தோற்றத்தையும் தருகிறார். சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதேனும் தீங்கு வருமோ என்ற அச்சம் அதற்குப் பிறகுதான் வருகிறது; ஏழாம் நாள் மன்னன் இறந்ததையும் பாடல் பதிவு செய்கிறது. எரிமீனுக்கும் மன்னன் சாவுக்கும் தொடர்பில்லை என்று நாம் இன்று அறிவோம். ஆனால் அஞ்சிய நெஞ்சோடு நின்ற அந்தப் புலவர் மாதத்தையும் நேரத்தையும் நாள்மீன்களையும் திசையையும் தவறவிடவில்லை. இன்றைய அறிக்கைப் படிவம் கேட்பதும் இவற்றைத்தான்.

தீப்பந்துதானா, வேறு ஏதாவதா?

2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் மாநிலங்களில் வானத்தில் தீக்கோடுகள் வரிசையாகப் போனதை மக்கள் கண்டார்கள். எரிகல் என்றே முதலில் செய்தி பரவியது. பின்னர் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்து லாட்போரி கிராமத்தில் சுமார் 3 மீட்டர் அகலமுள்ள உலோக வளையம் கிடந்தது. அது சீன ராக்கெட் ஒன்றின் பாகம் என்பது தெளிவானது.

வேறுபடுத்துவதற்கு நேரத்தைப் பாருங்கள். பூமியைச் சுற்றிவந்த செயற்கைப் பொருள் நொடிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், கிட்டத்தட்ட கிடைமட்டமாக நுழைகிறது. அதனால் அரை நிமிடம் முதல் ஓரிரு நிமிடம் வரை, பல துண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக நகரும். தீப்பந்துகள் பெரும்பாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். விதிவிலக்கு உண்டு: 1972 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா வரை பட்டப்பகலில் ஒரு கல் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் ஒளிர்ந்து, காற்று மண்டலத்தை உரசிவிட்டு மீண்டும் விண்வெளிக்கே போனது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை எரியாது, சிதறாது, நிமிடக்கணக்கில் ஒரே சீராக நகரும்.

எதுவென்று உறுதியில்லை என்றாலும் அறிக்கை அனுப்புங்கள். பிரித்தறிவது ஆய்வாளர்கள் வேலை.

வீடியோவைக் காப்பாற்றுவது

இன்று தெருவுக்கு நான்கு கண்காணிப்புக் கேமராக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சில நாட்களில் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும். எனவே மறுநாளே கடைக்காரரிடமும் அண்டைவீட்டாரிடமும் கேளுங்கள். வானம் தெரியாத கேமராவும் பயன்படும். செல்யாபின்ஸ்க் கல்லின் பாதையை முதலில் கணித்தவர்கள் நகரின் சதுக்கத்தில் விளக்குக் கம்பங்களின் நிழல் சுழன்றதை வைத்தே கணித்தார்கள்.

மூன்று காரியங்கள் முக்கியம். கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: கேமராத் திரையையும் சரியான நேரம் காட்டும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால், எவ்வளவு முன்பின் என்பது பிடிபட்டுவிடும். அசல் கோப்பை அப்படியே நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் சுருங்கி அளவிடும் நுணுக்கம் போய்விடும். கேமராவை அசைக்காதீர்கள், அதே கோணத்தில் இன்னொரு இரவு நட்சத்திரங்களோ நிலாவோ பதிவானால், அவற்றின் தெரிந்த இடங்களை வைத்துப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பாகை குறித்துவிடலாம்.

இத்தனை பாடு எதற்கு? இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் கல் வந்த பாதையை வானத்தில் வரையலாம்; வேகமும் தெரிந்தால் அது சூரியனைச் சுற்றிவந்த பாதையையும் கணக்கிடலாம். 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் விழுந்த பிரிப்ராம் விண்கல்தான் அப்படிச் சுற்றுப்பாதை கணிக்கப்பட்ட முதல் விண்கல். கணித்தவர் ஒண்ட்ரெயோவ் ஆய்வகத்தின் ஸ்டெனெக் செப்லேகா. உலகில் பதிவான விண்கற்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவற்றில் சுற்றுப்பாதை தெரிந்தவை நூறுகூடத் தேறாது. உங்கள் தெருக்கோடிக் கடையின் கேமரா அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டக்கூடும்.

அறிக்கை அனுப்புவது

சர்வதேச எரிகல் அமைப்பின் இணையதளத்தில் தீப்பந்து அறிக்கைப் படிவம் இருக்கிறது. அமெரிக்க எரிகல் சங்கத்தோடு இணைந்து நடத்தப்படும் இதற்குக் கட்டணம் கிடையாது. உலகின் எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு, தொடக்கம், முடிவு இரண்டின் திசையையும் உயரத்தையும் காட்ட வேண்டும். நேர மண்டலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இந்திய, இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. உங்களுக்குத் தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். நள்ளிரவைத் தாண்டிய நிகழ்வென்றால் தேதி மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

வீட்டில் நான்கு பேர் கண்டிருந்தால் நான்கு பேரும் தனித்தனியாக அனுப்பலாம். பாட்டிக்கு இணையம் தெரியாது என்றால் அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி நீங்கள் அனுப்புங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் அறிக்கைகளே அதிகப் பயன் தரும். பாதையின் இரு பக்கத்திலிருந்தும் பார்த்தவர்கள் இருந்தால்தான் கோடுகள் ஒன்றையொன்று நன்றாக வெட்டும்.

கல்லைத் தேடுவது

"பக்கத்து வயலில்தான் விழுந்தது" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. 80 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஒன்று, அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால், அது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மதுரையில் நிற்பவர் அப்படிக் காண்பது சென்னைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கலாம். எரிந்தபடியே தரையைத் தொடும் கல் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஒளி அணைந்த பிறகு மிஞ்சிய துண்டுகள் இருட்டில், காற்றின் போக்கில், சில நிமிடங்கள் வெறுமனே விழுகின்றன. அதனால்தான் அவை தரையில் சூடாகக் கிடப்பதில்லை. வைக்கோலைப் பற்றவைப்பதும் இல்லை.

முழக்கம் கேட்டு, பாதை உங்கள் ஊருக்கு மேலே முடிந்ததாகக் கணிப்பு வந்தால் மட்டும் தேடுங்கள். சாலை, மொட்டை மாடி, விளையாட்டுத் திடல், அறுவடை முடிந்த வயல் போன்ற வெட்டவெளிகள் முதலில். பிறர் நிலமென்றால் அனுமதி கேட்டபின். 2022 ஆகஸ்ட் 17 அன்று குஜராத்தின் பனாஸ்கந்தா மாவட்டத்தில் விழுந்த தியோதர் விண்கல் ஊருக்குள்தான் கிடைத்தது. ஒரு துண்டு வேப்பமரத்தில் மோதி உடைந்தது. அது ஆப்ரைட் என்ற மிக அரிய வகை. அந்த வகையில் இந்தியாவில் அதற்கு முன் விழுந்தது 1852இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில்.

புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் மெல்லிய கரிய உருகுதோல் இருக்கும். உடைந்த இடத்தில் உட்புறம் பெரும்பாலும் வெளிறித் தெரியும். அளவுக்கு மீறிக் கனக்கும். சில கார்பன் வகைகள் மட்டும் லேசாக இருக்கும். ஓட்டைகளும் குமிழ்களும் நிறைந்திருந்தால் அது விண்கல் அல்ல. இரும்பு உருக்கிய கசடாகவோ எரிமலைப் பாறையாகவோ இருக்கும்.

காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். பல தலைமுறைகளாகச் சொல்லப்படும் சோதனை இது. ஆனால் கல்லுக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கும் நாலரை பில்லியன் ஆண்டுப் பழைய காந்தப் பதிவை ஒரு சிறு காந்தம் நொடியில் அழித்துவிடும். கசடும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அந்தச் சோதனையால் எதுவும் உறுதியாகாது.

கண்டதும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்து இன்னொரு படம். கைப்பேசி காட்டும் இடக்குறியைச் சேமியுங்கள். சுத்தமான கையுறையோடு அல்லது அலுமினியத் தாளால் எடுத்து, புதிய பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கழுவ வேண்டாம், உடைக்க வேண்டாம், மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாம். கதிர்வீச்சு அச்சமும் வேண்டாம். மழை வரும் போலிருந்தால், ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்காமல் முதலில் கல்லைக் காப்பாற்றுங்கள்.

இந்தியாவில் விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் அமைப்பு இந்தியப் புவியியல் ஆய்வு மையம். 2017 ஜூன் 6 அதிகாலை ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் வயலில் விழுந்த கார்பன் வகை விண்கல் இந்த வழியாகத்தான் ஆய்வுக்குப் போனது. கிராம நிர்வாக அலுவலர் அல்லது காவல் நிலையம் மூலம் தெரிவித்தால் தகவல் எழுத்தில் பதிவாகும். ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரகர்கள் வந்து விலை பேசினால் அவசரப்படாதீர்கள். எங்கே எப்போது விழுந்தது என்ற விவரத்தோடு சேர்ந்திருக்கும்போதுதான் அந்தக் கல் பேசும். 1865 ஆகஸ்ட் 25இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டதால்தான், நூறாண்டுக்கும் மேல் கழித்து அது செவ்வாயிலிருந்து வந்தது என்று அறிய முடிந்தது. செவ்வாய்க் கற்களில் ஒரு முழு வகைக்கே அந்த ஊரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்ததைத் தவறவிடாமலிருக்க

ஒருமுறை கண்டவர்களுக்கு ஆவல் விடாது. அவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. குளோபல் மீட்டியர் நெட்வொர்க் என்ற உலகளாவிய தன்னார்வலர் வலையமைப்பு, சாதாரணக் கண்காணிப்புக் கேமரா ஒன்றையும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும் கொண்டு இரவு முழுவதும் எரிகற்களைப் பதிவு செய்கிறது. மென்பொருள் இலவசம். ஒரு கேமராவால் பாதையைக் கணிக்க முடியாது. நூறு கிலோமீட்டர் சுற்றளவில் வானத்தின் அதே பகுதியைப் பார்க்கும் இன்னொன்று வேண்டும். ஆகவே பக்கத்து மாவட்டத்து நண்பரையோ, அங்குள்ள கல்லூரி இயற்பியல் துறையையோ சேர்த்துக்கொண்டு இரண்டாகத் தொடங்குங்கள். தெருவிளக்கு நேரே விழாத மொட்டை மாடி, தடையில்லாத மின்சாரம், நொடி தவறாத இணைய நேரம் ஆகிய மூன்றும் அமைந்த இடமாகப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் கேமராப் பெட்டியின் ரப்பர் வளையத்தைச் சரிபாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் முதலில் கெடுவது அதுதான்.